சோலார் மோட்டாரும் வடக்குக் காற்றும்

ஆலங்குடி, அறந்தாங்கி பக்கம் சோலார் மோட்டார் போடலாமா என்று யாராவது பேச்செடுத்தால் டீக்கடையில் உடனே ஒரு பதில் வரும்: “அது காத்துக்கு நிக்காதப்பா.” கஜா வந்து எத்தனையோ வருசம் ஆச்சு, இந்தப் பேச்சு இன்னும் மாறலை. இன்னொரு பக்கம், சோலார் விற்க வருகிற கம்பெனிக்காரர் ஒரு காகிதத்தை நீட்டி, “150 கிலோமீட்டர் வேகத்துல அடிச்சாலும் அசையாதுங்க” என்கிறார். ரெண்டு பேச்சையும் நான் நம்பலை. ஒழுங்கா நட்டால் நிற்கும், நடாவிட்டால் நிற்காது. அந்த ஒழுங்கு என்னன்னு நமக்குத் தெரியாததாலதான் நிறைய பேர் தள்ளி நிற்கிறோம், போட்டவர்களும் ஐப்பசி பிறந்தால் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

எனக்குச் சொந்தமாக 5 ஹெச்.பி. சோலார் மோட்டார் ஒன்று ஓடுது. வாழையும் கொஞ்சம் பூவும் ஊடுபயிரும் அதை நம்பித்தான். அதனால் இது வேடிக்கை பார்க்கிறவன் கருத்து இல்லை.

கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது 2018 நவம்பர் 16 அதிகாலை. வானிலைத் துறை சொன்ன வேகம் மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர், இடையிடையே 120 வரை. கடலோரத்தோடு அது நிற்கலை. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று எங்கள் தென்னையையும் பலாவையும் வாழையையும் சாய்த்துவிட்டுத்தான் திண்டுக்கல் பக்கம் போச்சு. விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500 என்று 1,100 ரூபாய் கொடுத்தார்கள். இருபது வருசம் வளர்த்த மரத்துக்கு அந்தக் காசு என்ன ஆறுதல் என்பது தனிக் கதை. நான் இங்கே சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி. டெல்டாவிலும் நம் மாவட்டத்திலுமாகச் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் போச்சு. கிராமங்களில் கரண்ட் திரும்பிவர வாரக்கணக்கில் ஆச்சு. நூற்றுக்கணக்கான அடி ஆழத்து போர்வெல்லை நம்பி வாழ்கிற ஊரில் கரண்ட் இல்லைன்னா மாட்டுக்குக்கூடத் தண்ணி கிடையாது. வாடகை ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போய்த்தான் மேல்நிலைத் தொட்டியை நிரப்பினார்கள்.

அப்போது ஊருக்கு ஒரு சோலார் மோட்டார் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 ஹெச்.பி. மோட்டார் 200 அடியிலிருந்து நல்ல வெயிலில் ஒரு நாளைக்குச் சுமாராக முப்பது, நாற்பதாயிரம் லிட்டர் எடுக்கும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் முப்பதாயிரம் லிட்டர் 500 பேருக்கு மேல் வரும். மப்பு போட்ட நாளில் இதில் கால்பங்கு வந்தாலும் குடிக்க, சமைக்க, மாட்டுக்குக் காட்டப் போதும். புயல் போன மறுநாள் காலையில் கம்பமும் வேண்டாம், டீசலும் வேண்டாம், சூரியன் வந்தால் போதும் என்கிற ஒரே மோட்டார் அதுதான். அது நின்றால் சொல்கிற கதை. காற்றோடு போய்விட்டால் அதுவும் சாய்ந்த கம்பம் மாதிரிதான்.

“புயல் என்ன வருசாவருசமா வருது?” என்று கேட்பவர்களும் உண்டு. வருசாவருசம் வராது. ஆனால் பேனலுக்கு 25 வருச ஆயுள் சொல்லித்தானே விற்கிறார்கள். நம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் 1952 புயலைச் சொல்வார்கள், அடுத்தது 1977, அதற்கப்புறம் கஜா. 25 வருசம் நிற்க வேண்டிய சாமான் தன் காலத்தில் ஒரு பெரிய புயலைப் பார்க்காமல் போகும் என்று நம்பி நடக்கூடாது. புயலை விடுங்கள், சித்திரை வைகாசியில் கோடைமழையோடு வருகிற சூறைக்காற்று பத்தே நிமிசத்தில் வாழைத் தோட்டத்தைப் படுக்கப் போட்டுவிட்டுப் போகுதே, அது வருசம் தவறாமல் வரத்தானே செய்யுது.

இப்போ காற்றுக்கு வருவோம். கஜா அன்றைக்கு இரவு விழித்திருந்த எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். முதலில் வடக்கே இருந்து அடித்தது. பிறகு சில ஊரில் கொஞ்ச நேரம் ஓய்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் தெற்கே இருந்து திருப்பி அடித்தது. இது தற்செயல் இல்லை. நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். அது கிழக்கே கடலிலிருந்து மேற்கே வரும்போது அதன் முன்பக்கத்துக் காற்று வடக்கிலிருந்து வரும், மையம் தாண்டியதும் பின்பக்கத்துக் காற்று தெற்கிலிருந்து வரும்.

சோலார் பேனலை எப்படி நடுகிறோம்? தெற்குப் பார்த்துச் சாய்வாக நடுகிறோம். வெயிலுக்கு அதுதான் சரி. அப்படியென்றால் உயர்ந்திருக்கிற முதுகுப் பக்கம் வடக்கே திறந்து கிடக்கிறது. புயலின் முதல் அடி வடக்கிலிருந்து வந்து நேராக அந்த முதுகுக்குள் புகுகிறது. குடையை மழைக்குப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அடியில் காற்று புகுந்தால் என்ன ஆகும்? அதேதான். பேனலைக் காற்று கீழே அமுக்கி உடைப்பதில்லை, அடியிலிருந்து தூக்குகிறது. அதில் நட்டும் போல்ட்டும் தளர்ந்த பிறகு தெற்குக் காற்று திரும்பி வந்து மிச்சத்தை முடிக்கிறது. நம் மாவட்டத்தில் எந்த விற்பனையாளரும் இதை எனக்குச் சொன்னதில்லை. எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

எவ்வளவு தூக்கும்? காற்றின் வேகம் ரெண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நாலு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 17 கிலோ அழுத்தும். 120 கிலோமீட்டரில் அது சுமார் 68 கிலோ. 150-இல் நூறைத் தாண்டிவிடும். 5 ஹெச்.பி. மோட்டாருக்கு 15, 16 பேனல், பரப்பு ஏறக்குறைய 30 சதுர மீட்டர். அப்போ 60 கிலோமீட்டர் காற்றில் மொத்தம் அரை டன், 120-இல் ரெண்டு டன். பேனலும் இரும்புமாகச் சேர்ந்து கனம் அரை டன் அளவுக்குத்தான் வரும். மிச்சத்தைப் பிடித்து வைக்க வேண்டியது மண்ணுக்குள் இருக்கிற கான்கிரீட்.

ரெண்டடிக்கு ரெண்டடி அகலம், மூணடி ஆழம் தோண்டிக் கான்கிரீட் போட்டால் ஒரு காலுக்கு 800 கிலோ வரும். நாலு காலுக்கு மூணு டன்னுக்கு மேலே. அதையே ஒரு அடிக்கு ஒரு அடி, ரெண்டடி ஆழம் என்று போட்டால் ஒரு காலுக்கு 136 கிலோதான். நாலு காலும் சேர்ந்தாலும் 550 கிலோவைத் தொடாது. இந்த ரெண்டாவது வகை அஸ்திவாரம் கோடைக்காற்றுக்கெல்லாம் கம்பீரமாக நிற்கும், ஏனென்றால் 60 கிலோமீட்டருக்கு அது போதும். ரெண்டு மூணு வருசம் ஒரு குறையும் தெரியாது. புயல் வரும் அன்றைக்குத்தான் குழியின் ஆழம் வெளியே வரும், அதுவும் வேரோடு.

என் தோட்டத்தில் வேலைக்கு வந்த பையன்கள் செம்புராங்கல் தட்டியதும் கடப்பாரையை வைத்துவிட்டு, “போதும் சார், இது கல்லு, நல்லா பிடிக்கும்” என்றார்கள். நான் நின்று தோண்டச் சொன்னேன். முகம் சுளித்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தேன், தோண்டினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பண்ண? ஒரு நாளைக்கு ரெண்டு இடம் முடிக்கணும் என்று அனுப்பி வைத்த இடத்துக்கு அவர்கள் பதில் சொல்லணும். ஆனால் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் குழியை அளந்து பார்க்கிற உரிமை உழவருக்கு இருக்கிறது. டேப்பை வைத்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடின பிறகு யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. ஆவுடையார்கோவில், மணமேல்குடி பக்கத்துக் களிமண் பூமிக்கு இன்னும் கவனம் வேணும். வெயிலில் வெடித்து மழையில் ஊதுகிற மண், காலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிவிடும். அங்கே ஆழமும் அகலமும் கூடணும், மண் சோதனை இல்லாமல் எல்லா ஊருக்கும் ஒரே அளவு என்பது சரிப்படாது.

மத்திய அரசின் விதிமுறை பேனல் தாங்குகிற சட்டம் 150 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்கணும் என்றுதான் சொல்கிறது. அந்தக் காகிதம் பொய் இல்லை. இரும்புக்கும் வரைபடத்துக்கும் கொடுத்த சான்று அது. நம்ம வயலில் தோண்டிய குழிக்கு யாரும் சான்று கொடுக்கவில்லை.

பேனலின் கண்ணாடி ரொம்ப மெலிசு, அதான் உடையுது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதுவும் தப்பு. பேனலுக்கான சர்வதேசச் சோதனையில் ஒரு சதுர மீட்டருக்கு 240 கிலோ அளவுக்கு ரெண்டு பக்கமும் அழுத்திப் பார்க்கிறார்கள். ஆலங்கட்டிக்கு 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டையை எறிந்து பார்க்கிறார்கள். கஜா காற்று மாதிரி மூணு மடங்கைத் தாங்குகிற கண்ணாடி அது. பிடிவிட்டுப் போவது கண்ணாடி இல்லை, அதைப் பிடித்திருக்கிற கிளாம்ப்.

2017-இல் மரியா என்கிற சூறாவளி போர்ட்டோ ரிகோ தீவை அடித்து, மாதக்கணக்கில் அந்தத் தீவையே இருட்டில் போட்டது. அங்கே சில சோலார் நிலையங்கள் சிதறிப் போயின, சில அப்படியே நின்றன. ஏன் என்று அமெரிக்காவின் ராக்கி மவுண்டன் இன்ஸ்டிட்யூட் போய் ஆராய்ந்து 2018-இல் ஒரு அறிக்கை போட்டது. விழுந்தவற்றில் அவர்கள் கண்டது ரொம்பச் சாதாரண விசயம். ரெண்டு பேனலுக்கு நடுவில் ஒரே கிளாம்ப் போட்டு ரெண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தார்கள். ஒரு பேனல் போனதும் அந்தக் கிளாம்ப் லூசாகி, பக்கத்துப் பேனல் போச்சு, அதற்கடுத்தது போச்சு. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தால் வரிசையாகத் தெறிக்கிற மாதிரி. நட்டுகளும் காற்றின் அதிர்வில் தானாகக் கழன்றிருந்தன. நின்றவற்றில் பேனலின் சட்டத்தில் ஓட்டை வழியாக நேராக போல்ட் போட்டு, அதிர்வில் கழலாத நட்டு போட்டிருந்தார்கள்.

இதுக்கு ஆகிற செலவு ஒரு பூச்சிவிரட்டி டிரம் விலைகூட வராது. உள்ளே நைலான் வளையம் இருக்கிற நட்டு ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். கடலோரத்துக்காரர்கள், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம், உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகில்தான் வாங்கணும். சாதா போல்ட் அங்கே மூணே வருசத்தில் பொடியாகும். ஆனி ஆடிக் காற்று முடிந்ததும், அதாவது புரட்டாசியில், ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நட்டாகத் திருகிப் பார்ப்பதை வருசாந்திர வேலையாக வைத்துக்கொள்ளணும். முடுக்கிய இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால், அடுத்த வருசம் கோடு விலகியிருக்கிற நட்டுதான் தளர்ந்த நட்டு. தேடவே வேண்டாம்.

அடுத்தது மரம். இதில் எனக்கும் சோலார்காரர்களுக்கும் கொஞ்சம் சண்டை. வந்ததும் அவர்கள் சொல்கிற முதல் வார்த்தை “சுத்தி இருக்கிற மரத்தையெல்லாம் வெட்டிடுங்க.” மரத்தை வெட்டித்தான் சூரியனை வாங்கணும் என்றால் இயற்கை வேளாண்மையில் இருக்கிற நமக்கு அது எதுக்கு? நம் மாவட்டத்து ஓடுகம்பட்டி கொழிஞ்சிப் பண்ணையில் நம்மாழ்வார் அய்யாவும் கூட இருந்தவர்களும் வெட்டவெளிச் சரளை மண்ணில் மரம் வளர்த்துக் காட்டியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உயிர்வேலி இல்லாத தோட்டம் தோட்டமே இல்லை.

எங்கே மரம் இருக்கலாம், எங்கே கூடாது என்பதுதான் விசயம். தென்னை கிட்டத்தில் கூடவே கூடாது. அறுபதடித் தென்னைக்கு அறுபதடிக்கு மேல் தள்ளித்தான் பேனல். விழுகிற மரத்தை எந்த நட்டும் தாங்காது, தேங்காயும் மட்டையும் புயல் இல்லாத நாளிலேயே விழும். கஜாவில் தென்னை சாய்ந்த ஊரிலெல்லாம் பனை நின்றதைப் பார்த்தோம். அதுக்காகப் பனைக்கு அடியில் கொண்டுபோய்ப் பேனலை வைக்கவும் வேண்டாம், மட்டை அடித்தால் போச்சு.

ஆனால் வடக்குப் பக்கம் உயிர்வேலி இருக்கலாம், இருக்கணும். நாம் பூமத்திய ரேகையிலிருந்து 10 பாகை வடக்கே இருக்கிறோம். வருசத்தில் ஏறக்குறைய எட்டு மாதம் உச்சி வெயில் தெற்குப் பக்கமாகத்தான் சாய்கிறது, நிழல் வடக்கே விழும். சித்திரை முதல் ஆவணி வரை சூரியன் நமக்கு வடக்கே போனாலும், உச்சிநேரத்தில் 20 அடி மரத்தின் நிழல் அஞ்சடியைத் தாண்டாது. பேனலிலிருந்து வடக்கே முப்பது நாற்பதடி தள்ளி வேலி வைத்தால் நிழல் நட்டம் ஒன்றும் பெரிசா வராது. அதே வேலி முதல் அடியாக வருகிற வடக்குக் காற்றின் வேகத்தை உடைத்து அனுப்பும். வேகம் கொஞ்சம் குறைந்தாலே அழுத்தம் நிறையக் குறையும் என்று மேலே பார்த்தோம் இல்லையா.

வேலி என்றதும் மதில் கட்டிவிடாதீர்கள். காற்று மதிலில் மோதினால் ஏறிக் குதித்துப் பின்னால் சுழலும், அது இன்னும் மோசம். கொஞ்சம் காற்றை விட்டு வடிகட்டுகிற வேலிதான் நல்லது. வெளியே கிளுவை, நொச்சி, ஆடாதொடை என்று தாழ்வாக அடர்ந்து ஒரு வரிசை, உள்ளே வளைந்து கொடுக்கிற கிளைரிசிடியா ஒரு வரிசை, வருசம் ஒருமுறை கவாத்து. வெட்டின தழை மண்ணுக்கு உரம், ஆட்டுக்குத் தீனி. தைலமரத்தை மட்டும் வேலிக்கு வைக்காதீர்கள். அது நிலத்தடி நீரை என்ன பாடுபடுத்துகிறது என்று புதுக்கோட்டைக்காரனுக்கு நான் சொல்லணுமா?

இடிக்கும் மின்னலுக்கும் ரெண்டே வார்த்தை. இடிதாங்கியும் எர்த்தும் திட்டத்திலேயே வருகிறது, யாரும் சும்மா தருவதில்லை, நம் பங்குப் பணத்திலும் அது இருக்கு. இடிதாங்கிக்குத் தனிக் குழி, சட்டத்துக்கும் கன்ட்ரோலருக்கும் தனிக் குழி. ஒரே குழியில் எல்லாக் கம்பியையும் கட்டிவிட்டுப் போனால் திருப்பிக் கூப்பிடுங்கள். நம்ம சரளை மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது, கோடையில் குழிக்கு வாரம் ரெண்டு குடம் தண்ணி ஊற்றணும். கோடைமழை இடி இறங்குவதும் அந்தக் காலத்தில்தான். கன்ட்ரோலர் பெட்டியை ஏரிப் பாசனத்துப் பள்ளத்தில் முழங்கால் உயரத்தில் மாட்டாமல், உங்க தாத்தா காலத்து வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேட்டு அதுக்கு மேலே மாட்டுங்கள்.

புயல் வருகிறது என்று சொல்லிவிட்டார்கள், என்ன செய்ய? கஜாவுக்கு நாலஞ்சு நாள் முன்னாலேயே எச்சரிக்கை வந்துச்சு. பேனலையெல்லாம் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். என் கருத்தில் அது கடைசி வழி. கழற்றிப் பழகாதவர் அவசரத்தில் கழற்றினால் புயலை விட அதிகச் சேதம் ஆகும். சாய்வை மாற்றுகிற வசதி இருக்கிற சட்டமாக இருந்தால் பேனலைப் படுக்கையாகத் திருப்பிப் பூட்டிவிடுங்கள், காற்றுக்கு முதுகே இல்லாமல் போகும். அந்த வசதி இல்லாதவர்கள் சட்டத்தின் குறுக்குக் கம்பிகளைக் கம்பிக் கயிற்றால் நாலு பக்கமும் ஆழமாக அடித்த முளையில் இழுத்துக் கட்டலாம். பக்கத்து மரத்தில் மட்டும் கட்டாதீர்கள், மரம் சாயும்போது கூடவே இழுத்துக்கொண்டு போகும். தோட்டத்தில் கிடக்கிற தகரம், ஆஸ்பெஸ்டாஸ் துண்டு, காலி டிரம், மூங்கில் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துப் போடுங்கள். பறந்து வருகிற தகரம் ஒன்று போதும் பேனலை உடைக்க.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் கன்ட்ரோலரை அணைத்து, டி.சி. சுவிட்சைத் தள்ளிவிட்டு, இருட்டின பிறகு தொடுங்கள். பதினஞ்சு பேனல் வரிசையாகச் சேரும்போது 500, 600 வோல்ட் இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கிறவரை பேனலுக்குள் கரண்ட் செத்துப்போகாது. புயலுக்கு மறுநாள் இதுதான் பெரிய ஆபத்து. உடைந்து கண்ணாடி சிதறிய பேனல்கூட வெயில் பட்டால் மின்சாரம் தரும். தண்ணி தேங்கிய வயலில் அறுந்த ஒயரோடு கிடக்கிற பேனலைப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கப் போய்விடக் கூடாது. தடித்த தார்ப்பாயால் மூடி, ரப்பர் கையுறை போட்ட ஆள் தெரிந்து கழற்றணும்.

அந்தக் கண்ணாடித் தூளைப் பற்றியும் சொல்லணும். நாம் வருசக்கணக்கா மண்புழுவுக்காகப் பாடுபட்ட மண் அது. வாழைத் தோட்டத்தில் கண்ணாடி கலந்தால் வெறுங்காலோடு இறங்க முடியாது, பேனலின் பற்றவைப்பில் ஈயமும் இருக்கு. பொறுக்கிச் சாக்கில் கட்டி வையுங்கள், குளத்துக் கரையில் கொட்ட வேண்டாம். 2022 மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலையும் சேர்த்திருக்கிறார்கள், திருப்பி எடுத்துக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. கேட்டால்தான் நடக்கும்.

கடைசியாகக் காப்பீடு. இதில்தான் எனக்குக் கோபமே. பயிர்க் காப்பீட்டுக்கு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் நாலு தடவை நடக்கிறோம். அதில் மோட்டாரும் பேனலும் வராது. ஆனால் பி.எம். குசும் திட்ட விதிமுறைப்படி, நிறுவனம் முதல் அஞ்சு வருசம் பராமரிக்கணும், அதோடு இயற்கைச் சீற்றத்துக்கும் திருட்டுக்கும் காப்பீடும் செய்யணும். அந்தச் செலவு நாம் கட்டிய தொகைக்குள்ளேயே அடங்கியிருக்கு. என் பக்கத்து ஊர்களில் சோலார் போட்ட பத்துப் பன்னிரண்டு பேரைக் கேட்டேன். காப்பீடு இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியலை. பாலிசி நகல் கையில் வைத்திருப்பவர் ஒரே ஒருத்தர், அதுவும் இங்கிலீசில். இலவச மின்சாரம் 1990-லிருந்து இருக்கிறது, இணைப்புக்கு வருசக்கணக்கில் காத்துக் கிடக்க முடியாமல்தான் பலர் சோலாருக்கு வருகிறார்கள். வந்தவரின் கையில் ஒரு காகிதத்தைக் கொடுப்பதற்கு என்ன கஷ்டம்?

வேளாண்மைப் பொறியியல் துறைதான் நம் மாநிலத்தில் இந்தத் திட்டத்தை நடத்துகிறது. விலையில் பாதிக்கு மேல் மானியம் தருகிறது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்த மானியப் பணம் பிடிக்காத குழியில் நிற்கக்கூடாது என்பதுதான் கேட்பது. கான்கிரீட் கொட்டுமுன் குழியின் அளவை அலுவலர் பார்த்து, உழவரும் கையெழுத்துப் போட்ட பிறகே நிறுவனத்துக்குப் பணம் போகணும். காப்பீட்டுப் பாலிசியின் நகலும், சேதமானால் எத்தனை நாளுக்குள் யாரிடம் சொல்லணும் என்கிற ஒரு பக்கக் குறிப்பும் தமிழில் தரணும். அஞ்சு வருசம் முடிந்த பிறகு காப்பீட்டைத் தொடர, பயிர்க் காப்பீட்டைப் போலவே கூட்டுறவு வங்கி வழியாக ஒரு ஏற்பாடு வேணும். பத்துப் பேர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் குழுவாகப் போனால் காப்பீட்டு நிறுவனமும் இறங்கிப் பேசும், தனியாளாகப் போனால் கதவைத் தாண்டமாட்டோம்.

நம் கையில் இருக்கிற வேலை இது. இன்றைக்கே போய்ப் பேனல், கன்ட்ரோலர், மோட்டார் எல்லாவற்றின் வரிசை எண்ணையும் செல்போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். சேதம் நடந்தால் எதையும் நகர்த்துமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அன்றைக்கே நிறுவனத்துக்கும் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். போனில் சொன்னால் “பார்க்கிறோம்” என்பதோடு போய்விடும்.

நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராமசபை வருகிறது. எங்கள் ஊரில் நாங்கள் ரெண்டு கோரிக்கை எழுதி வைத்திருக்கிறோம். ஒன்று, பாலிசி நகல் கேட்டு. இன்னொன்று, ஊரில் இருக்கிற சோலார் மோட்டார்கள் எவை, புயல் நாளில் எந்த மோட்டாரிலிருந்து எந்தத் தெருவுக்குத் தண்ணீர் எடுப்பது என்று ஊராட்சியில் ஒரு பட்டியல் வைப்பது. மோட்டாரின் சொந்தக்காரர்கள் அஞ்சு பேரும் சம்மதித்து ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாச்சு. குழாய் இணைக்க ரெண்டு அங்குல அடாப்டர் மட்டும் இன்னும் வாங்கலை.